கைபட்ட காட்டுப் பூ

துலிப் பூக்கள் உதிர்ந்துவிட்டன, ரோஜா இன்னும் மொட்டவிழவில்லை. மே மாதத்தின் அந்த இடைவெளியில் இங்கிலாந்துத் தோட்டக்காரர்களுக்குக் கைகொடுப்பது கமாசியா. முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை நிமிர்ந்து நிற்கும் தண்டு. அதில் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக விரியும் ஆறிதழ் நட்சத்திரங்கள். நீலமும் ஊதாவும் கலந்த நிறம். வெங்காயத்தைப் போன்ற அதன் கிழங்கை இலையுதிர்காலத்தில் புல்லுக்கு அடியில் புதைத்துவிட்டால் போதும், ஆண்டுதோறும் தானே வந்துவிடும் என்று செடி விற்பனையாளர்கள் உறுதி சொல்கிறார்கள். வட அமெரிக்கப் புல்வெளிகளில் யார் துணையும் இல்லாமல் வளரும் காட்டுப் பூ என்பது அதற்கு வழக்கமாகத் தரப்படும் அறிமுகம்.

யார் துணையும் இல்லாமலா?

இந்தப் பூ கடலாக விரிந்து கிடந்த புல்வெளிகள் தாமாக உருவானவை அல்ல. பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டியும், விஷச் செடிகளைக் களைந்தும், குடும்பங்கள் கோடை முடிவில் தீ மூட்டியும் அவற்றைப் பேணிவந்தார்கள். பூர்வகுடி மக்கள் எப்போதும் சொல்லிவந்த இந்தச் செய்தியைக் கடந்த சில பத்தாண்டுகளாகத் தொல்லியலாளர்களும் தாவரவியலாளர்களும் தங்கள் சான்றுகளோடு சேர்த்துப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். பூர்வகுடி மக்களுக்குக் கமாசியா அழகு பார்க்கும் பூவாக இருந்ததைவிட, குளிர்காலத்தைக் கடக்க உதவிய உணவாகவே அதிகம் இருந்தது. அது அலங்காரச் செடியாக மாறியபோது கிழங்கு கப்பலேறியது, அதைப் பேணும் வேலை பின்தங்கிவிட்டது. இன்று கமாசியாவைச் சுற்றியுள்ள பெரும்பாலான கேள்விகள், தோட்டக் கேள்விகள் உட்பட, இந்த இடத்தில்தான் வந்து முட்டுகின்றன.

ஆறு இனங்கள், ஓர் எமன்

கமாசியா பேரினத்தில் ஆறு இனங்கள். நான்கு மேற்கு வட அமெரிக்காவைச் சேர்ந்தவை. இரண்டு கிழக்கிலும் நடுப்பகுதியிலும் வளர்பவை. பெயர் பெற்றது கமாசியா குவாமாஷ். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தென்பகுதியிலிருந்து கலிஃபோர்னியாவின் வடபகுதி வரையும், கிழக்கே மொன்டானா, வயோமிங் வரையும் அது பரவியிருக்கிறது. அடுத்தது கமாசியா லெய்க்ட்லினி. இனங்களில் இதுவே உயரமானது, நாலடி வரை எழும்பும். மூன்றாவது கமாசியா குசிக்கி. ஒரிகன், ஐடஹோ எல்லையில் ஹெல்ஸ் கேன்யன் பள்ளத்தாக்கின் சரிவுகளில் வளரும் இதன் கிழங்கு மற்றவற்றைவிடப் பெரியது.

முதல் இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. பூ வாடும்போது பார்க்க வேண்டும். லெய்க்ட்லினியின் ஆறு இதழ்களும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு சூலகத்தை மூடிக்கொள்ளும். குவாமாஷின் இதழ்கள் பெரும்பாலும் தனித்தனியாகச் சுருங்கித் தொங்கும்.

நெடுங்காலம் இந்தச் செடியை லில்லிக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகள் வந்தபிறகு அது தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பத்துக்கு, அதிலும் ஆனைக்கற்றாழையின் கிளைக்கு மாற்றப்பட்டது. ஈரப் புல்வெளியில் நிற்கும் மென்மையான இந்த நீலப் பூவும், தமிழ்நாட்டு வேலியோரங்களில் முள்ளோடு நிற்கும் ஆனைக்கற்றாழையும் பங்காளிகள் என்றால் முதலில் நம்பக் கடினம்தான். கிழங்கைச் சமைக்கும் முறைக்கு வரும்போது இந்த உறவின் பொருத்தம் புரியும்.

இதன் வாழ்க்கை ஒழுங்கு தெளிவானது. குளிர்காலத்திலும் வசந்தத்திலும் கால் புதையும் ஈரம் வேண்டும். கோடையில் அதே மண் காய்ந்து இறுக வேண்டும். பூத்து, விதை முற்றி, இலை மஞ்சளானதும் செடி மண்ணுக்கு மேல் அடையாளமே இல்லாமல் போய்விடும். விதையிலிருந்து வளரும் செடி பூக்க மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும்.

இதே புல்வெளிகளில் இன்னொரு செடியும் உண்டு. கமாசியாவை ஆங்கிலத்தில் 'காமாஸ்' என்பார்கள்; இந்தச் செடிக்கு 'மரணக் காமாஸ்' என்று பெயர். இலை ஒத்திருக்கும், கிழங்கும் ஒத்திருக்கும். ஆனால் உடலெங்கும் நஞ்சு. கிழங்கைத் தின்றவர்கள் இறந்ததும் உண்டு. பூக்கும்போது மட்டும் வேறுபாடு நன்றாகத் தெரியும். மரணக் காமாஸின் பூக்கள் சிறியவை, பாலேட்டு நிறத்தில் நெருக்கமாகக் கொத்தாக இருக்கும். அதனால் கிழங்கெடுக்கும் குடும்பங்கள் பூக்காலத்திலேயே தங்கள் நிலத்தை நடந்து பார்த்து அவற்றைப் பிடுங்கிப்போட்டார்கள். காட்டில் கிடைத்ததைப் பொறுக்கித் தின்பவர் செய்யும் வேலையா இது? களையெடுப்பு என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

மண்ணுக்குள் ஓர் அடுப்பு

காமாஸ் கிழங்கில் அரிசியிலோ உருளைக்கிழங்கிலோ இருப்பதுபோல மாவுச்சத்து இல்லை. அது ஆற்றலை இனுலின் என்ற வடிவத்தில் சேமிக்கிறது. மனிதக் குடலால் இனுலினைச் செரிக்க முடியாது. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அதைப் பிடித்துக்கொண்டு நொதிக்கவைக்க, வயிறு உப்பும், வாயு பிரியும். ஸ்காட்லாந்துக்காரரான தாவர சேகரிப்பாளர் டேவிட் டக்ளஸ் 1820-களில் கொலம்பியா ஆற்றுப் பகுதியில் சுற்றியபோது, காமாஸ் தின்றவர்கள் நிறைந்த குடிசைக்குள் வீசிய காற்று தன்னை வெளியே தள்ளிவிடும் போலிருந்தது என்று தன் குறிப்பில் நகைச்சுவையோடு பதிவுசெய்தார்.

வாயுத் தொல்லைக்கான மருந்து நீண்ட வேக்காடு. பெண்கள் குழி தோண்டி, அடியில் கல் பரப்பித் தீ மூட்டுவார்கள். கல் பழுக்கக் காய்ந்ததும் மேலே பச்சை இலையும் புல்லும் அடுக்கி, கிழங்கைக் கொட்டி, மறுபடி இலையிட்டு, மண்ணால் மூடி, அதன் மேலும் தீ எரியவிடுவார்கள். ஒரு நாள், இரண்டு நாள், சில இடங்களில் அதற்கு மேலும் குழி மூடியே இருக்கும். அடங்கிய சூட்டிலும் ஈர ஆவியிலும் இனுலின் உடைந்து ஃபிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரையாகிறது. வெள்ளையாகப் போன கிழங்கு கருத்து, பிசுபிசுத்து, அத்திப்பழம்போல இனித்து வெளியே வரும். மெக்சிகோவில் ஆனைக்கற்றாழை இனங்களின் நடுத்தண்டைக் குழியிலிட்டுச் சுட்டு இனிப்பும் மதுவும் எடுப்பது இதே வேதியியல்தான். அங்கேயும் சேமிக்கப்பட்ட சத்து இனுலின் வகையைச் சேர்ந்ததே. குடும்ப ஒற்றுமை அடுப்படி வரை நீள்கிறது.

வெந்த கிழங்கை அப்படியே உண்டார்கள். இடித்து அடை தட்டி உலர்த்திக் குளிர்காலத்துக்கு வைத்தார்கள். கடலோர மக்களிடம் மீனுக்கும் பிற பொருளுக்கும் பண்டமாற்றினார்கள். மேற்கு மலைத்தொடர்களுக்கு இரு பக்கத்திலும் சால்மன் மீனுக்கு அடுத்தபடியாகப் பல குடிகள் நம்பியிருந்த உணவு இதுதான்.

அடுப்புக் குழிகள் மண்ணுக்குள் சுவடு விடுகின்றன. வெடித்த கற்கள், கரி, சில வேளைகளில் கருகிய கிழங்கே கிடைக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் கலிஸ்பெல் பள்ளத்தாக்கின் அடுப்புகளை ஆராய்ந்த தொல்லியலாளர் ஆல்ஸ்டன் தாம்ஸ், 1989-இல் சமர்ப்பித்த தன் ஆய்வேட்டில் அவற்றில் பழையவை 5,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்று காட்டினார். ஒரிகனின் வில்லமெட் பள்ளத்தாக்கில் 7,000 ஆண்டுகளைத் தாண்டிய சான்றுகள் கிடைத்திருக்கின்றன. இந்தப் பள்ளத்தாக்கின் தொல்கிழங்குகளை ஆராய்ந்து ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாலி கார்னியும் உடன் பணியாற்றியவரும் 2024-இல் வெளியிட்ட கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போகிறது. குறைந்தது 3,500 ஆண்டுகளாக மக்கள் குறிப்பிட்ட வயதில் முதிர்ந்த கிழங்குகளைத் தேர்ந்தெடுத்தே தோண்டினார்கள் என்பது அதன் முடிவு.

எப்படித் தோண்டினார்கள் என்பதற்கு வாய்மொழி வரலாறும் பயணிகளின் குறிப்புகளும் சான்று. குறுக்குப்பிடி வைத்த கிளறுகோலால் புல்தகட்டை நெம்பித் தூக்குவார்கள். பெரிய கிழங்குகளை எடுத்துக்கொண்டு சிறியவற்றை அப்படியே விட்டு, தகட்டைத் திருப்பி மூடுவார்கள். முற்றிய விதைகள் இளகிய மண்ணில் விழும். வான்கூவர் தீவின் தென்முனையில் தனித்தனிக் குடும்பங்களுக்கு உரிய பாத்திகளே இருந்தன. அறுவடை முடிந்தபின் சருகு எரிக்கப்படும். புதரும் மரக்கன்றும் பொசுங்கும்; மண்ணுக்குள் உறங்கும் கிழங்குக்குச் சூடு எட்டாது.

இதைப் பயிர்த்தொழில் என்று அழைக்கலாமா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. நெல்லைப்போலவோ மக்காச்சோளத்தைப்போலவோ மனிதனை நம்பியே வாழும் வடிவத்துக்குக் காமாஸ் மாறிவிடவில்லை. வேலி இல்லை, உழவு இல்லை. ஆனாலும் உரிமை, களையெடுப்பு, வயது பார்த்த அறுவடை, விதைப்பரவல், தீ எல்லாம் இருந்தன. காட்டுக்கும் வயலுக்கும் இடையிலான நிலையை விளக்க மேற்கத்திய வேளாண் வரலாற்றில் போதிய கருத்தாக்கம் இல்லாததுதான் இந்தச் சண்டை நீள்வதற்குக் காரணம்.

தண்ணீராகத் தோன்றிய பூ

1805 செப்டம்பர் 20 அன்று, பிட்டர்ரூட் மலைகளைக் கடந்து பசியால் தள்ளாடிய லூயிஸ்-கிளார்க் அமெரிக்க ஆய்வுப் பயணக் குழுவின் முன்னணி, ஐடஹோவின் வீயைப் புல்வெளியில் நெஸ் பெர்ஸ் மக்களைக் கண்டது. சால்மனும் காமாஸும் கொடுத்து அவர்கள் விருந்தாளிகளைத் தேற்றினார்கள். பட்டினிக் குடலில் புது உணவு விழுந்ததில் வில்லியம் கிளார்க்கும் தோழர்களும் வயிற்றுவலியால் நாட்கணக்கில் சுருண்டார்கள். அதற்குப் பிறகும் காமாஸ் இல்லாமல் அவர்களுக்கு ஓடவில்லை.

திரும்பும் வழியில் 1806 ஜூனில் அதே புல்வெளி பூத்திருந்தது. தொலைவிலிருந்து பார்த்தபோது தெளிந்த நீர்நிலை என்றே எண்ணியதாக மெரிவெதர் லூயிஸ் ஜூன் 12-ஆம் தேதி எழுதினார். முந்தைய நாள் அவர் எழுதிய குறிப்பு இன்னும் மதிப்புள்ளது. செடியின் வேர், இலை, பூ, விதை ஆகியவற்றோடு குழியடுப்பின் அடுக்கு வரிசையையும் அதில் விரிவாக விவரித்தார். பின்வந்தவர்கள் அழகை மட்டும் மேற்கோள் காட்டினார்கள், அடுப்பை மறந்தார்கள்.

லூயிஸ் உலர்த்தி எடுத்துவந்த மாதிரி இன்று ஃபிலடெல்ஃபியாவின் இயற்கை அறிவியல் அகாடமியில் இருக்கிறது. அந்தப் பயணத்தின் சேகரிப்பை ஆராய்ந்த ஃபிரெடரிக் பர்ஷ், லண்டனில் 1814-ஆம் ஆண்டிட்டு வந்த தன் வட அமெரிக்கத் தாவர நூலில் செடிக்கு முதல் அறிவியல் பெயரைக் கொடுத்தார். லண்டன் தோட்டக்கலைச் சங்கம் அனுப்பிய டேவிட் டக்ளஸ் 1825-இல் கொலம்பியா ஆற்று முகத்துவாரத்தில் இறங்கினார். 1827-இல் நாடு திரும்பினார். அவர் வழியாகக் காமாஸ் பிரிட்டன் தோட்டங்களை எட்டியது. 1832-இல் ஜான் லிண்ட்லி கமாசியா என்ற பேரினத்தை நிறுவினார். அவர் இனத்துக்கு இட்ட 'எஸ்குலென்டா' என்ற பெயர் உண்ணத்தக்கது எனப் பொருள்படும். அறிவியலில் அது வழக்கிழந்த பின்னும் சில கிழங்கு வணிகர்கள் அதே பெயரில் விற்கிறார்கள்; வாங்குபவர் எவரும் தின்பதற்காக வாங்குவதில்லை.

மற்ற இரண்டு இனங்களின் பெயர்களும் சேகரிப்புக் காலத்தின் வரலாற்றைச் சுமந்திருக்கின்றன. ஜெர்மனியின் பாடன்-பாடனில் தனித் தோட்டம் வைத்து உலகெங்குமிருந்து கிழங்குச் செடிகளை வரவழைத்தவர் மாக்ஸ் லெய்க்ட்லின். கிழக்கு ஒரிகனின் தாவரங்களை நடந்தே சேகரித்தவர் வில்லியம் குசிக். தோண்டிய பெண்களில் ஒருவர் பெயரும் எந்த இனத்திலும் இல்லை. மிகவும் பிற்காலத்தில், இலையோரம் வெளிறிய ஒரு தோட்ட ரகத்துக்கு 'சகஜவேயா' என்று பெயர் வைத்தார்கள். லூயிஸ்-கிளார்க் குழுவோடு கைக்குழந்தையைச் சுமந்து நடந்த ஷோஷோனி இனப் பெண்ணின் பெயர் அது.

பன்றி, வேலி, எழுத்துப்பிழை

தாவரவியலாளர்கள் பெயரிட்டுக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில் புல்வெளிகள் கைமாறின. வில்லமெட் பள்ளத்தாக்கின் கலப்பூயா மக்களில் பெரும்பங்கினர் 1830-களின் தொடக்கத்தில் பரவிய மலேரியாவில் மாண்டார்கள். எஞ்சியவர்கள் 1855 ஒப்பந்தத்துக்குப் பிறகு கிராண்ட் ரோண்டு பூர்வகுடி ஒதுக்கிடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். பூ நிறைந்த சமவெளி குடியேறிகளின் கண்ணுக்கு உழத் தயாரான நிலமாகத் தெரிந்தது. கலப்பை முதல் அடி. பன்றி இரண்டாம் அடி. குடியேறிகள் அவிழ்த்துவிட்ட பன்றிகள் மண்ணை முகத்தால் கிளறிக் கிழங்குகளைத் தின்று தீர்த்தன. சிறியதை விட்டுவைக்கும் வழக்கம் பன்றிக்கு இல்லை.

ஐடஹோவின் தெற்கில் காமாஸ் புல்வெளி என்றே பெயர்கொண்ட சமவெளி இருக்கிறது. 1868-இல் கையெழுத்தான ஃபோர்ட் பிரிட்ஜர் ஒப்பந்தம் அந்த நிலத்தின் பயன்பாட்டை பானக் மக்களுக்கு உறுதிசெய்ய வந்தது. ஆனால் ஒப்பந்தத் தாளில் அது 'கான்சஸ் புல்வெளி' என்று பதிவானது. பிழை திருத்தப்படவில்லை, கால்நடையும் பன்றியும் அங்கே வந்து மேய்ந்தன. உணவு நிலம் அழிவதைப் பார்த்துக் கொதித்த பானக் மக்களுக்கும் அமெரிக்க ராணுவத்துக்கும் 1878-இல் போர் மூண்டது. அதற்கு முந்தைய ஆண்டு, வட ஐடஹோவில் இதே பெயருள்ள இன்னொரு சமவெளியில், தங்கள் மக்களுக்கான ஒதுக்கிட ஒப்பந்தத்தை ஏற்காத நெஸ் பெர்ஸ் குழுக்கள் ஒதுக்கிடத்துக்குள் போக வேண்டிய கெடு நெருங்கியபோது கூடியிருந்தன. அது அவர்கள் வழக்கமாகக் காமாஸ் தோண்டும் இடம். 1877 ஜூனில் நெஸ் பெர்ஸ் போர் அங்கிருந்துதான் வெடித்தது.

வான்கூவர் தீவில் நடந்தது வேறு வகை. ஹட்சன் விரிகுடா நிறுவனத்தின் ஜேம்ஸ் டக்ளஸ் 1842-இல் கோட்டைக்கு இடம் தேடி வந்தார். அடர்காடு சூழ்ந்த கடற்கரையில் திடீரென விரிந்த திறந்தவெளியும் ஓக் மரங்களும் அவருக்கு ஏதேன் தோட்டமாகத் தெரிந்தன. லெக்வங்கன் மக்கள் தீ மூட்டியும் தோண்டியும் காத்த காமாஸ் நிலம் அது. மறு ஆண்டே கோட்டை எழுந்தது. அதைச் சுற்றி விக்டோரியா நகரம் வளர்ந்தது. தீ தடை செய்யப்பட்டது. இன்று கேரி ஓக் மரங்களோடு கூடிய அந்தப் புல்வெளிச் சூழலில் இயல்பான நிலையில் எஞ்சியிருப்பது 5 விழுக்காட்டுக்கும் குறைவு. வில்லமெட் பள்ளத்தாக்கிலும் பழைய புல்வெளியில் 2 விழுக்காடுகூட மிஞ்சவில்லை.

அலங்காரச் செடி வணிகம் எதிர்த்திசையிலும் ஓடியது. 1850 வாக்கில் வான்கூவர் தீவின் சூக் பகுதியில் குடியேறிய ஸ்காட்லாந்துக்காரரான வால்டர் கிராண்ட், ஹவாயிலிருந்து கிடைத்த ஸ்காட்ச் புரூம் விதைகளை ஊரின் நினைவாக விதைத்தார். முளைத்தவை சில செடிகள் மட்டுமே. அந்த மஞ்சள் பூப்புதர் இன்று காமாஸ் வெளிகளை மூடி அழிக்கும் களைகளில் முதல் வரிசையில் நிற்கிறது. பசிபிக் கரையின் கிழங்கு பிரிட்டனின் பூப்பாத்தியில் அடக்கமாகக் குடியேறியது. பிரிட்டனின் புதர் அந்தக் கிழங்கின் தாய்வீட்டையே ஆக்கிரமித்தது.

தோட்டத்துக்குள்

கமாசியா பல காலம் தோட்டங்களில் இரண்டாம் தரத்தில்தான் இருந்தது. துலிப், டாஃபோடில் போன்றவற்றின் பகட்டு அதற்கு இல்லை; ஒரு பூந்தண்டு இரண்டு மூன்று வாரங்களில் முடிந்துவிடும். கடந்த நாற்பது ஆண்டுகளில் புல்தரையை ஒட்ட வெட்டுவதை விட்டு, பூக்கள் கலந்த உயரப் புல்வெளியை வளர்க்கும் பாணி பரவியபோது அதற்கு யோகம் அடித்தது. கிளாஸ்டர்ஷயரில் மன்னர் சார்லஸின் ஹைகுரோவ் தோட்டப் புல்வெளியில் மே மாதத்தில் கமாசியா நீலம் அலையடிப்பது இன்று பலரும் அறிந்த காட்சி. கிழக்கு சசெக்ஸில் கிறிஸ்டோபர் லாயிட் வளர்த்தெடுத்த கிரேட் டிக்ஸ்டர் புல்வெளிகளிலும் குவாமாஷ் நிலைபெற்றிருக்கிறது.

வளர்ப்பு முறையில் மர்மம் ஏதுமில்லை. இலையுதிர்காலத்தில் 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் கிழங்கை நட வேண்டும். பல கிழங்குச் செடிகள் அழுகிப்போகும் கனத்த களிமண் இதற்கு ஒத்துவரும். வசந்தத்தில் ஈரம் குறையக் கூடாது. கோடையில் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. வெயிலோ லேசான நிழலோ போதும். புல்வெளியில் நட்டவர்கள் விதை முற்றி இலை பழுக்கும்வரை, அதாவது ஜூலை பிற்பகுதி அல்லது அதற்குப் பிறகுவரை, வெட்டும் இயந்திரத்தைக் கொட்டகையிலேயே வைத்திருக்க வேண்டும். பச்சை இலையை வெட்டினால் அடுத்த ஆண்டுக் கிழங்கு பட்டினி கிடக்கும்.

எந்த இடத்துக்கு எந்த இனம் என்பதில்தான் கவனம் தேவை. சன்ன இலையும் அடக்கமான உயரமும் கொண்ட குவாமாஷ் மெல்லிய புல்லுக்கு நடுவே பொருந்தும். லெய்க்ட்லினி உயரமான செடிகள் நிறைந்த பூப்பாத்திக்கும் முரட்டுப் புல்லுக்கும் ஏற்றது. காட்டில் அதன் வெண்மை வடிவம் ஒரிகனின் அம்ப்குவா பள்ளத்தாக்கை ஒட்டிய சிறு பகுதிக்கே உரியது. நீல வடிவமே பரந்தது. குசிக்கியின் வெளிர்நீலம் தனியழகு என்றாலும் அகன்ற இலைகள் சாய்ந்து அலங்கோலமாகக் கிடக்கும். அவற்றை மறைக்கப் பக்கத்தில் வேறு செடி வேண்டும். நெதர்லாந்துக் கிழங்குப் பண்ணைகள் பெருக்கிய ரகங்களில் பாலேட்டு நிற அடுக்கிதழ் கொண்ட 'செமிப்ளேனா' புகழ்பெற்றது. விதை பிடிக்காததால் அதன் பூ மற்றவற்றைவிட நீண்டு நிற்கும்.

பட்டியல்கள் உரக்கச் சொல்லாத குறைகளும் உண்டு. வளமான ஈர மண்ணில் லெய்க்ட்லினி விதைகளைத் தாராளமாக இறைக்கும். சில ஆண்டுகளில் புல்லைவிட இலைத்தூறுகள் அதிகமாகி, தாழ வளரும் பிற பூக்களை அமுக்கிவிடும். அப்போது தோட்டக்காரருக்கு மிஞ்சும் வழிகள் விதைத்தண்டை முன்கூட்டியே நறுக்குவது, கிழங்கைத் தோண்டிக் கலைப்பது, புல்லின் வேகத்தையும் மண்ணின் வளத்தையும் குறைப்பது. நட்டுவிட்டு மறந்துவிடலாம் என்று வாங்கிய செடி கடைசியில் தோண்டச் சொல்கிறது. கலப்பூயாப் பெண்கள் ஆண்டுதோறும் செய்ததன் மெலிந்த வடிவத்தை, தின்னும் நோக்கம் மட்டும் இல்லாமல், ஆங்கிலேயத் தோட்டக்காரர் செய்துகொண்டிருக்கிறார்.

தீயைத் திரும்ப அழைத்தல்

வட அமெரிக்காவில் பாதுகாப்பு முயற்சிகள் தொடங்கியபோது முதலில் எழுந்த எண்ணம், எஞ்சிய புல்வெளியை வேலியிட்டுத் தொடாமல் விட வேண்டும் என்பது. விளைவு எதிர்மாறாக இருந்தது. தீயும் கிளறுகோலும் இல்லாத இடத்தில் டக்ளஸ் ஃபர் மரங்கள் நுழைந்தன, புரூம் அடைத்தது, அயல் புல் மண்ணைப் போர்த்தியது. இதற்கு வலுவான சான்று விந்தையான ஓரிடத்தில் இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தின் லூயிஸ்-மெக்கார்ட் ராணுவத் தளத்தில் பீரங்கிப் பயிற்சிக் குண்டுகள் அடிக்கடி மூட்டிய தீ, அங்கிருந்த புல்வெளியைக் காடாக விடாமல் தடுத்தது. 2013-இல் அழியும் ஆபத்திலுள்ள உயிராக அமெரிக்க அரசு அறிவித்த டெய்லர்ஸ் செக்கர்ஸ்பாட் பட்டாம்பூச்சி அங்கே தப்பிப் பிழைத்தது. வசந்தத்தில் அது தேனுக்கு நம்பும் பூக்களில் காமாஸும் ஒன்று.

இப்போது பல இடங்களில் திட்டமிட்டு மூட்டும் தீ நிலப் பராமரிப்பின் பகுதியாகிவிட்டது. விதைகளை அந்தந்த வட்டாரத்திலேயே சேகரித்துப் பண்ணையில் பெருக்கி விதைக்கிறார்கள். நெதர்லாந்திலிருந்து வரும் கிழங்கைச் சீரமைப்பு நிலத்தில் நட்டால் உள்ளூர் மரபணுவோடு கலந்துவிடும் என்பதால் அதைத் தவிர்க்கிறார்கள். சொந்தத் தோட்டத்துக்கு வாங்குபவர் அந்த மண்டலத்துக்காரராக இருந்தால் அவரும் வட்டார விதையிலிருந்து வந்ததா என்று கேட்டு வாங்குவது நல்லது. பிரிட்டனிலோ ஜெர்மனியிலோ இருப்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. விற்பனைக்கு வருவது பெரும்பாலும் பண்ணைக் கிழங்கே.

நெஸ் பெர்ஸ் தேசிய வரலாற்றுப் பூங்காவின் பகுதியாக உள்ள வீயைப் புல்வெளியில் பள்ளி மாணவர்கள் பூங்கா அறிவியலாளர்களோடு சேர்ந்து காமாஸ் செடிகளை எண்ணி வருகிறார்கள். விக்டோரியாவில் லெக்வங்கன் மக்களில் ஒரு பிரிவான சாங்ஹீஸ் இனத்தைச் சேர்ந்த ஷெரில் பிரைஸ் தன் முன்னோரின் நிலங்களில் புரூமைப் பிடுங்கவும் காமாஸை மீட்கவும் நெடுங்காலமாகத் தன்னார்வலர்களைத் திரட்டிவருகிறார். அவர் முன்வைப்பது பூவை மீட்பதோடு நிற்பதில்லை. தோண்டுவது, குழியில் சுடுவது, ஊரோடு பகிர்ந்துண்பது எல்லாம் சேர்ந்துதான் மீட்பு என்பது அவர் நிலைப்பாடு.

இங்கே நடைமுறைச் சிக்கல் ஒன்று தலைதூக்குகிறது. எஞ்சிய நல்ல புல்வெளிகளில் பல இன்று பூங்காக்கள். பூங்காவில் செடியைத் தோண்டுவது பொதுவாக விதிமீறல். விக்டோரியாவின் பீக்கன் ஹில் பூங்காவில் ஏப்ரல், மே மாதங்களில் நீலம் விரியும்போது ஆயிரக்கணக்கானோர் வந்து படமெடுக்கிறார்கள். அந்த நீலம் எந்த உழைப்பால் வந்ததோ அதைத் திரும்பச் செய்ய அனுமதி கேட்க வேண்டிய நிலையில் லெக்வங்கன் வழித்தோன்றல்கள் இருக்கிறார்கள். எஞ்சியிருப்பதே கொஞ்சம், அதிலும் தோண்டினால் என்ன மிஞ்சும் என்ற நிலக் காப்பாளர்களின் தயக்கத்தையும் அசட்டை செய்ய முடியாது. இரண்டு தரப்பும் வாயால் வாதிட்டுத் தீர்க்கக்கூடிய வழக்கு இல்லை இது. தோண்டிய பாத்தியையும் தோண்டாத பாத்தியையும் அருகருகே வைத்து, தீயோடும் தீயில்லாமலும், ஒரு கிழங்குத் தலைமுறைக்கு மேல் ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனைகள் பல இடங்களில் நடக்க வேண்டும். பெரிய கிழங்கு எது, விட்டுவைக்க வேண்டியது எது, எந்த வாரத்தில் மண் இளகும் என்று தெரிந்த குடும்பங்களோடு சேர்ந்து அந்தச் சோதனைகளை வகுத்தால்தான் அவை சரியான கேள்வியைக் கேட்கும்.